பத்து டிகிரிக் கிணறு

நெடுங்காட்டு டிரில் மாஸ்டர் தெட்சிணாமூர்த்தியின் வீட்டுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு டாக்டர்கள் இரண்டு உத்தரவு போட்டார்கள்.

முதல் டாக்டர் மாஸ்டரின் குடலிறக்கத்தைக் கீறித் தைத்துவிட்டு, "இனிமே ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது" என்றார். இரண்டாவது டாக்டர் மாஸ்டரின் மனைவி நீலாயதாட்சியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "தெனம் விடிகாலையில பத்து நிமிஷம் இந்தக் கையில வெந்நீர் ஓடணும். தேங்கின தண்ணி இல்ல, ஓடுற தண்ணி. விட்டுட்டா விரல் இப்படியே நின்னுடும்" என்றார். தண்ணீரை யார் தூக்குவது என்பதைப் பற்றி இரண்டு டாக்டர்களும் கலந்து பேசிக்கொள்ளவில்லை.

நீலாயதாட்சி வரிச்சிக்குடி ஆரம்பப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக டீச்சர். அந்த ஊரில் நாலு எழுத்து அழகாக எழுதத் தெரிந்த எல்லோரும் அவளுடைய கரும்பலகையைப் பார்த்து எழுதியவர்கள்தான். எண்பத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் சாக்பீஸ் மூன்று தடவை அவள் கையிலிருந்து விழுந்தது. மூன்றாவது தடவை எடுத்துக் கொடுத்த ஹெட்மாஸ்டர், "கொஞ்ச நாள் லீவுல இருங்களேன் டீச்சர்" என்று அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மாஸ்டர் இரண்டு நாள் அண்டாவில் வெந்நீர் போட்டுத் தூக்கிப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த முதல் டாக்டர் மறுபடியும் தைத்தார். தைக்கும்போது அவர் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

காரைக்காலில் மதார் சாகிப்பின் எலெக்ட்ரிக் கடைக்குப் போனார் மாஸ்டர். டிபன் கேரியர் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தார் மதார் சாகிப்.

"இதுல தண்ணி சேத்து வைக்கிற தொட்டி கிடையாது மாஸ்டர். குழாயத் திறந்தா ஓடுற ஓட்டத்துலயே சுடும். டாக்டர் கேட்டது இதத்தான்."

"என்ன அளவு வாங்கணும் பாய்?"

"ரெண்டே கணக்குதான். நிமிஷத்துக்கு எத்தன லிட்டர் ஓடணும், எத்தன டிகிரி ஏறணும். ரெண்டையும் பெருக்கிக்கங்க. நம்ம ஊரு கிணத்துத் தண்ணி இருபத்தெட்டு டிகிரி. கைக்கு நாப்பது போதும். ஏற வேண்டியது பன்னண்டு டிகிரிதான். ஒத்தக் குழாய்க்கு மூணு கிலோவாட் தாராளம்."

மாஸ்டருக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. "கட்டிக் குடுங்க" என்றார்.

மதார் சாகிப் பெட்டியைத் திரும்பவும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "அளவுச் சீட்டு கொண்டாங்க. சீட்டு இல்லாம வித்தா கடைக்குச் சீல் வெச்சுடுவான். இந்தப் பெட்டிய நான் ஒம்பது வருஷமா எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அளவுச் சீட்டு வழங்கும் இடத்துக்கு 'வெந்நீர்ச் சாதனக் கொள்ளளவு நிர்ணய ஆணையம், காரைக்கால் கிளை' என்று பெயர். பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாக இருந்ததால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரையும் கொஞ்சம் இரவல் வாங்கியிருந்தார்கள். உள்ளே கொள்ளளவு அதிகாரி திருஞானசம்பந்தம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய அட்டவணை ஒன்று மாலை போட்டுத் தொங்கியது. அதற்கு ஊதுபத்தியும் கொளுத்தியிருந்தார்கள்.

"அதுதான் சார் தப்லோ" என்று குமாஸ்தா முகைதீன் பிச்சை மெல்லிய குரலில் அறிமுகப்படுத்தினார். "பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனது."

அட்டவணையைத்தான் அந்த ஆபீசில் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள். பிரான்ஸ் தேசத்தில் ஏதோ ஒரு மலையூரில் இருந்த பட்டாள முகாமுக்காக யாரோ ஒரு என்ஜினீயர் போட்ட கணக்கு அது. எப்படியோ கப்பலேறி வந்து, ஏதோ ஓர் அலமாரியில் கிடந்து, சுதந்திரத்துக்குப் பின் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர்கள் அதைக் காப்பாற்ற ஓர் ஆணையம் வேண்டும் என்று நினைத்தார்கள். ஆணையம் வந்துவிட்டது.

மாஸ்டர் பழக்கதோஷத்தில் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார். அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. நாற்பத்தாறு கேள்விகள் கொண்ட படிவத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார். 'வீட்டில் பனி விழும் மாதங்கள்' என்ற கேள்விக்கு மாஸ்டர் 'மார்கழி' என்று எழுதினார். 'கூரையிலிருந்து பனியை அகற்றும் முறை' என்ற கேள்விக்கு நெடுநேரம் யோசித்து, 'தானாகப் போய்விடும்' என்று எழுதினார்.

அதிகாரி படிவத்தைத் தப்லோவோடு ஒப்பிட்டார். "வீடுன்னா வெந்நீர்க் குழாய் நாலு. ஒண்ணுக்கு மூணு லிட்டர், ஆக நிமிஷத்துக்குப் பன்னண்டு லிட்டர். வரும் நீர் பத்து டிகிரி. போகும் நீர் நாப்பது. ஏற்றம் முப்பது. உங்க வீட்டுக்குச் சரியான அளவு இருபத்தஞ்சு கிலோவாட்."

"சார், எங்க வீட்டுல குழாய் ஒண்ணுதான். நாங்களும் ரெண்டே பேர்தான்."

"குழாயும் ஆளும் இன்னிக்கு இருக்கும், நாளைக்குக் கூடும். தப்லோ மாறாது."

"எங்க கிணத்துத் தண்ணி இருபத்தெட்டு டிகிரி சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்படின்னா உங்க விண்ணப்பத்தையே எடுத்துக்க முடியாதே. பத்து டிகிரித் தண்ணிக்குத்தான் இங்க சட்டம். இருபத்தெட்டுக்கு நாங்க பொறுப்பே இல்லையே."

மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஆறுதலாகவே பேசினார். "மாஸ்டர், ஒண்ணு சொல்றேன், பெருமைக்காக இல்ல. இந்த ஆணையம் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. இந்தப் பகுதியில வெந்நீர்ச் சாதனத்தால ஒரு விபத்து, ஒரு ஷாக், ஒரு கொப்புளம் உண்டா? கிடையாது. ஏன்? நாங்க இன்னும் ஒருத்தருக்கும் சீட்டு குடுக்கல. தலைமை அலுவலகத்துல இருந்து மூணு தடவ பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. அவசரப்பட்டு அதக் கெடுக்கச் சொல்றீங்களா?"

மாஸ்டர் "இல்ல சார்" என்றார். வெளியே வந்த பிறகுதான் அப்படிச் சொன்னதற்குத் தன்னைத் திட்டிக்கொண்டார்.

மாஸ்டர் சொன்ன இருபத்தெட்டைச் சரிபார்க்க அடுத்த வாரம் ஆய்வுக் குழு நெடுங்காட்டுக்கு வந்தது. கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். அதிகாரி கிணற்றடியில் குடையோடு நின்றார். தெர்மாமீட்டர் மேலே வந்தது. இருபத்தெட்டு.

"பதினெட்டு டிகிரி கூடுதல்" என்று முகைதீன் பிச்சை எழுதிக்கொண்டார்.

நீலாயதாட்சி முந்தானைக்குள் கைகளைச் சுருட்டியபடி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "ஏங்க, கிணத்துக்குக் காய்ச்சலாமா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"சும்மா இரு நீலா."

"மாத்திரை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்காவது ஆகட்டும்."

குழு வண்டியில் ஏறியது. முகைதீன் பிச்சை மட்டும் பின்தங்கிச் செருப்பு வாரைச் சரி செய்கிற பாவனையில் குனிந்தார். "மாஸ்டர், தப்லோவுல கிணறுன்னு ஒரு வார்த்தையும் இல்ல. 'வரும் நீர்'னுதான் இருக்கு. குளியலறை மேல தொட்டி இருக்குல்ல, அதுல இருந்து வர்றதும் வரும் நீர்தான். அதப் பத்துக்குக் கொண்டாந்துட்டா அவரால முடியாதுன்னு சொல்ல முடியாது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, எனக்கு மூணு பொண்ணு."

மறு வியாழக்கிழமை மாஸ்டர் காரைக்கால் மீன் துறைக்குப் போய் இரண்டு ஐஸ்பார் வாங்கினார். வெந்நீர் வேண்டிப் புறப்பட்ட மனிதர் ஐஸோடு ஊர் திரும்புவதை நெடுங்காடு கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. டயர் வண்டி ஓட்டி வந்தவன் பக்கத்து வீட்டுக் காத்தமுத்து. நடவு நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"மாஸ்டரே, கோவிச்சுக்காதீங்க. டீச்சருக்குச் சுடுதண்ணிதானே வேணும்?"

"ஆமா."

"இது ஐஸுல்ல?"

"இதக் காட்டினாத்தான் அதத் தருவாங்க."

காத்தமுத்து மாட்டைத் தட்டினான். கொஞ்ச தூரம் போனதும், "படிச்சவங்க சமாச்சாரம்" என்று மாட்டிடம் சொன்னான்.

பதினொரு மணிக்குத் தொட்டித் தண்ணீர் சரியாகப் பத்து டிகிரிக்கு வந்தது. பதினொன்றுக்கு வருவதாகச் சொன்ன குழு, சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்றரைக்கு வந்தது. அப்போது பதினேழு. குழு திரும்பிப் போனது. தண்ணீரில் மீன் வாசனை மட்டும் நான்கு நாள் தங்கியது. அந்த நான்கு நாளும் நீலாயதாட்சியின் நடுவிரல் நிமிரவில்லை. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிட மாஸ்டர் கற்றுக்கொண்டார். டிரில் மாஸ்டர் பின்னல் என்பதால் அது நேராக, விறைப்பாக இருந்தது.

"பிள்ளைங்க சிரிக்குதுங்க. என் பின்னலப் பாத்தா கொடிக்கம்பம் ஞாபகம் வருதாம்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே சொன்னவள் அன்று சாக்பீஸைத் தொடவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பலகையில் எழுத வைத்து, தான் நாற்காலியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். மாஸ்டருக்கு அதை ஹெட்மாஸ்டர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாவது தடவை காத்தமுத்து ஐஸை உமியில் புதைத்துக் கொண்டுவந்தான். மூன்று ஐஸ்பார். அன்றைக்கென்று குழு சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டது. தெர்மாமீட்டர் எட்டு காட்டியது.

"எட்டு தப்லோவில் இல்லை" என்றார் அதிகாரி.

எல்லோரும் காத்திருந்தார்கள். தண்ணீர் தானாகச் சூடேறிப் பத்துக்கு வரும்வரை ஆணையம் நீலாயதாட்சி வீட்டில் இரண்டு சுற்று காப்பி குடித்தது. பத்து வந்ததும் குழுவினர் கை தட்டினார்கள். அதிகாரி உணர்ச்சிவசப்பட்டுக் கைக்குட்டையை எடுத்தார். "என் சர்வீஸ்ல தப்லோ சொன்ன தண்ணிய இன்னிக்குத்தான் கண்ணால பாக்குறேன்" என்றார்.

பிறகு படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "பயனாளி நிரூபணம்னு ஒண்ணு பாக்கி. பயனாளி வரும் நீர்ல ரெண்டு கையையும் அஞ்சு நிமிஷம் வெச்சு, தண்ணி குளிர்ச்சியா இருக்கு, வெந்நீர் தேவைன்னு வாயால சொல்லணும். எங்க கடிகாரத்துல செகண்ட் முள் இல்ல. மாஸ்டர், உங்ககிட்ட ஸ்டாப்வாட்ச் இருக்கும்ல?"

மாஸ்டர் நீலாயதாட்சியைப் பார்த்தார். தொட்டித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த வாளியை அவள் பார்த்தாள்.

"இதோட முடிஞ்சுதா சார்?" என்று அவளே கேட்டாள்.

"இதோட முடிஞ்சுது."

அவள் கைகளை உள்ளே விட்டாள். மாஸ்டர் ஸ்டாப்வாட்சை அழுத்தினார். எத்தனையோ ஓட்டப் பந்தயங்களில் அவர் அந்த முள்ளை ஓடவிட்டிருக்கிறார். அது இவ்வளவு மெதுவாக ஓடி அவர் பார்த்ததில்லை. ஒரு நிமிஷத்தில் அவள் உதடு வெளுத்தது. இரண்டாவது நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். குனிந்து கேட்டார். பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழுதால் அவள் சொல்ல வைப்பது அதைத்தான்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு சார்" என்றார் மாஸ்டர். முள் இரண்டே முக்காலில் இருந்தது. ஸ்டாப்வாட்சைப் பிடித்து அவர் சொன்ன முதல் பொய் நேரம் அது.

கைகள் எப்படி உள்ளே போயினவோ அப்படியே வளைந்து வாளியிலிருந்து வெளியே வந்தன. அவர் தன் சட்டைக்குள் அவற்றை வைத்து அணைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

"குளிருது" என்றாள் நீலாயதாட்சி.

"வெந்நீர் தேவை. அதையும் சொல்லிடுங்க."

சொன்னாள். முகைதீன் பிச்சை எழுதினார். அவருடைய எழுத்து அன்று கொஞ்சம் கோணலாக இருந்தது.

பத்தே நாளில் சீட்டு வந்தது. ஆணையம் வழங்கிய முதல் சீட்டு: 'இருபத்தைந்து கிலோவாட். இதற்குக் குறைந்த எந்தச் சாதனமும் இவ்வீட்டில் பொருத்துதல் குற்றம்.' சீட்டை வாசித்த மதார் சாகிப் தன்னுடைய டிபன் கேரியர் அளவுப் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இதுக்கு என்கிட்ட சாமான் கிடையாது மாஸ்டர். இது ஊரையே குளிப்பாட்டுற அளவு."

சாமான் ஆணையத்திடமே இருந்தது. தொடங்கிய வருஷமே தப்லோப்படி ஏழு சாதனங்கள் வாங்கிக் கிடங்கில் போட்டிருந்தார்கள். பத்து டிகிரித் தண்ணீருள்ள ஒரு வீட்டுக்காக அவை பதினாலு வருஷம் காத்திருந்தன. அவற்றில் ஒன்றைக் கார்த்திகை மாசக் கடைசியில் ஆறு பேர் தூக்கி வந்து குளியலறையில் பொருத்தினார்கள். அது உட்கார்ந்த பிறகு குளியலறையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம், அவ்வளவுதான். குளிக்க முடியாது. ஆணையத்தின் வயர்மேன் தெருக்கம்பத்திலிருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர் இழுத்தார். அன்று மாலை மட்டும் தெருவில் யாரும் விளக்குப் போடக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

நான்கு மணிக்குத் தொடக்க விழா. காத்தமுத்துகூட வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். அதிகாரி பேசினார்: "குறைவான அளவு வெச்சா தண்ணி சுடாது. அதிகமான அளவு வெச்சா கரண்ட் வீண். சரியான அளவைச் சொல்லத்தான் ஆணையம். இந்த வீட்டுத் தேவையை இந்த வீட்டுக்காரங்களவிட நாங்க துல்லியமா அறிவோம்."

ரிப்பன் வெட்டி, குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. பச்சைத் தண்ணீர். இரண்டு நிமிஷம் பார்த்தார்கள். இன்னும் பச்சையாகவே வந்தது.

வயர்மேன் சாதனத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டு, வெளியே எடுத்தார். "சார், இது பெரிய மிஷின். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் ஓடினாத்தான் முழிக்கும். இந்தக் குழாய்ல மூணுதான் ஓடுது. தண்ணி போறதே இதுக்குத் தெரியல."

"மத்த மூணு குழாயையும் திறங்க" என்றார் அதிகாரி.

"வீட்டுல ஒண்ணுதான் சார் இருக்கு" என்றார் மாஸ்டர். இரண்டாவது தடவையாகச் சொன்னார்.

அதிகாரி மணி பார்த்தார். "மிஷின் நல்லா இருக்கு. அளவும் சரி. குழாய்தான் பத்தல. அத நீங்க பாத்துக்குங்க." ஒரு காகிதத்தை நீட்டினார். "திருப்திச் சான்றிதழ். அம்மா ஒரு கையெழுத்துப் போட்டாங்கன்னா அஞ்சு மணித் தபாலுக்கு அனுப்பிடலாம். மேலிடத்துல முதல் சீட்டுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க."

நீலாயதாட்சி பேனாவை வாங்கப் பார்த்தாள். பேனா விரல்களுக்கு நடுவே நிற்காமல் தரையில் விழுந்தது. முகைதீன் பிச்சை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் விழுந்தது.

"பரவால்ல, பரவால்ல" என்று அதிகாரி பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். "கைநாட்டு போதும்."

ரிப்பனைச் சுருட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. நீலாயதாட்சி அந்த மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாத்திச்சி சார்" என்றாள். "வரிச்சிக்குடியில அறுநூறு பேரு கைநாட்ட நான் அழிச்சிருக்கேன். இதுல நான் வெக்க மாட்டேன். கையெழுத்து வேணும்னா என் விரல் விரியணும். விரல் விரியணும்னா வெந்நீர் வேணும்."

மணி நாலேகால்.

அதற்குப் பிறகு நடந்ததை நெடுங்காட்டில் நேரில் பார்த்தவர்கள் மட்டுமே நம்புவார்கள். கொள்ளளவு அதிகாரி திருஞானசம்பந்தம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். விறகு மழையில் நனைந்திருந்தது. அவர் ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினார். வயர்மேன் ஓலையால் விசிறினார். புகை குளியலறைச் சாதனத்தைச் சுற்றிக்கொண்டு வெளியேறியது. முகைதீன் பிச்சை செம்பு செம்பாகக் கொண்டுவர, மாஸ்டர் வாங்கி நிற்காமல் ஊற்றினார். ஒரு செம்பு முடியும் முன் அடுத்த செம்பு. ஓடுகிற தண்ணீர். கணக்குப் பார்த்தால் நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் இருக்கும்.

"விரிஞ்சிடுச்சா?" என்று அடுப்படியிலிருந்து அதிகாரி இருமலோடு கத்தினார்.

"ஆள்காட்டி விரல் வந்திருக்கு சார்!"

"ஊதுறேன், ஊதுறேன்! நிறுத்தாதீங்க!"

நாலே முக்காலுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து பேனாவைப் பிடித்தன. ஒரு மாசத்துக்குப் பின் நீலாயதாட்சி எழுதினாள். கரும்பலகையில் எழுதுகிற அதே நிதானத்தில், ஒவ்வொரு எழுத்தையும் முடித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனாள்:

'இன்று மாலை எனக்கு வெந்நீர் கிடைத்தது. அடுப்பு ஊதியவர் கொள்ளளவு அதிகாரி. செம்பு தூக்கியவர் குமாஸ்தா. தங்கள் சாதனம் குளியலறையில் உள்ளது. நீலாயதாட்சி, ஆசிரியை.'

அதிகாரி சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டு முதல் வரியை மட்டும் வாசித்தார். 'வெந்நீர் கிடைத்தது' என்பதன் கீழ் தானே ஒரு கோடு போட்டார். "எழுத்து அழகா இருக்கும்மா" என்று மனசாரச் சொல்லிவிட்டு வண்டியேறினார். அடுத்த மாசம் ஆணையத்துக்கு நான்காவது பாராட்டுக் கடிதம் வந்ததாக முகைதீன் பிச்சை பிற்பாடு வந்து தலை குனிந்து சொன்னார்.

விழாவுக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு மழை கொட்டியது. விரல்கள் பழையபடி மடங்கியிருந்தன. குளியலறையில் இடமில்லாததால் மாஸ்டர் அவளைக் கொல்லை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார். குடத்தைத்தான் தூக்கக் கூடாது என்றார் டாக்டர், செம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, அடுப்புக்கும் கொல்லைக்குமாக ஓடினார். ஒற்றை ஆள் ஓட்டத்தில் ஒரு செம்புக்கும் அடுத்த செம்புக்கும் நடுவே தண்ணீர் அறுந்து அறுந்து போயிற்று. அறுந்த நேரத்தில் கை ஆறிவிடும். மறுபடி முதலிலிருந்து.

"ஏங்க, இன்னிக்கு ஆபீசர் வரலியா?" என்று கேட்டாள்.

"லீவு போலருக்கு."

"நல்லா ஊதினாரு, பாவம்."

பதிமூன்றாவது செம்பில் ஆள்காட்டி விரல் கொஞ்சம் அசைந்தது. பதினேழாவது செம்பில் கட்டைவிரல். நடுவிரல் அசையவே இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழரைக்கு வரிச்சிக்குடி பஸ். மாஸ்டர் ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு அடுத்த செம்புக்கு உள்ளே ஓடினார்.